தோளடி

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தேசம் இருந்தது, மார்கழி தை வந்தால் அங்கே ஏரித் தண்ணீர் எல்லாம் கல்லாகிப்போகும், குதிரை பூட்டிய வண்டி மேலே ஓடினாலும் விரிசல் விடாது, அந்தக் கல்லை ரம்பம் போட்டு அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் அடுக்கி, நாலு மாசம் வெயிலிலும் உப்பிலும் கொண்டுவந்து, கரைந்தது போக மீதியைச் சென்னப்பட்டணத்தில் இறக்கினார்கள் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் இந்தக் கதையில் சந்தேகப்படத் தேவையில்லாத பகுதி அது ஒன்றுதான்.

பட்டணத்துக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைமேல் எகிறி எகிறிப் போய்ச் சரக்கை வாங்கிவரும், கரையில் உருண்டையாக நின்ற வெள்ளைக் கட்டடத்துக்குள் அதை அடுக்குவார்கள். சுவருக்குள் பலகை, பலகைக்கும் சுவருக்கும் நடுவே மரத்தூள், உள்ளே போனால் நாக்குக்கூடக் குளிரும். வானத்திலிருந்து விழுகிற ஆலங்கட்டியைத் தவிர வேறு உறைந்த தண்ணீரைப் பார்த்திராத சனங்கள் இதற்கும் ஆலங்கட்டி என்றே பேர் சொன்னார்கள், துரைமார் ஐஸ் என்றார்கள், கட்டடத்து மேஸ்திரி துலுக்காணம் இரண்டு தரப்புக்கும் மனஸ்தாபம் வேண்டாம் என்று ஐசாலங்கட்டி என்றார்.

மூன்றாவது வருஷத்துக் கப்பலில் வந்த கட்டிகள் பாடின.

கட்டி கரைந்து ஒரு சொட்டு விழும்போது அந்தச் சொட்டோடு ஒரு பெண்குரல் அவிழும். வார்த்தை கிடையாது, மூடிய உதட்டுக்குள்ளிருந்து வருகிற முனகல். முதல் அடி, சுமை தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிறவள் நடை மாதிரி ஏறும், நிற்கும், ஏறும். இரண்டாவது அடி திரும்பிப் பார்க்கும். மூன்றாவது அடி உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கும். நின்றதும் சொட்டு தீர்ந்துவிடும், அடுத்த சொட்டு மறுபடி முதல் அடியில் தொடங்கும்.

முதலில் கேட்டவள் குப்பத்து மீன்காரி தேசம்மா. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டடத்து வாசலில் நின்று கத்தினாள்.

"இன்னா மேஸ்திரி, உள்ள எந்தப் பொம்பளைய பூட்டி வெச்சிகினு கீறே?"

"வாயக் கழுவு. ஐசாலங்கட்டி பாடுது."

"ஓ, ஆலங்கட்டியா," என்றாள் தேசம்மா, "நான்கூட நீதான் ரெண்டாந்தாரம் இட்டாந்துட்டியோன்னு பாத்தேன்," என்று சொல்லிவிட்டு மீன் விற்கப் போய்விட்டாள். பட்டணம் முழுக்க அந்த அதிசயத்தை ஏற்றுக்கொண்டது ஏறக்குறைய அப்படித்தான். மழை பெய்தால் குடை தேடுகிற மாதிரி, ஆலங்கட்டி பாடினால் என்ன செய்யலாம் என்று தேடினார்களே தவிர, ஏன் பாடுகிறது என்று கேட்டு யாரும் வேலையைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

துரைமார் விருந்துகளில் கண்ணாடிக் குவளைகள் ஒன்றுக்கொன்று முன்னும் பின்னுமாகப் பாடி, பேச்சு காதில் விழாமல், இரண்டு கல்யாணப் பேச்சுகள் முறிந்தன, ஒன்று தவறுதலாகக் கூடியது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர் நெற்றியில் ஆலங்கட்டி சுற்றிய துணியைப் போட்டபோது, நோயாளி தூங்கினான், பக்கத்துக் கட்டில்காரன் தூங்கினான், விசிறி இழுக்கிறவனும் தூங்கினான். திருவல்லிக்கேணியில் சர்பத் விற்ற காதர் மொய்தீன் சாயபு, குவளையை உள்ளங்கையால் மூடி, "மூணு ஆகட்டும், அப்புறம் குடிங்க" என்று வாடிக்கைக்காரர்களை நிறுத்திவைத்தார். பாட்டை நடுவில் விழுங்கினால் வயிற்றுக்குள் போய் முனகும் என்பது அவர் கட்சி. அதிலிருந்து பட்டணத்தில் எந்தக் காரியத்துக்கும் தயாரா என்று கேட்க வேண்டுமானால் "மூணு ஆச்சா?" என்று கேட்பது வழக்கமாயிற்று, சோறு வெந்ததா என்பதற்கும் அதுதான், பெண்ணுக்கு வலி கண்டதா என்பதற்கும் அதுதான். கோயில் தெருவில் இரண்டு நாகசுரக்காரர்கள் அது மோகனம் என்றும் சுத்த சாவேரி என்றும் சண்டைபோட்டு ஒன்றரை மாசம் பேசாமல் இருந்தார்கள். வலை இழுக்கிறவர்கள் ராகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முதல் அடிக்கு இழுத்தார்கள், இரண்டாம் அடிக்குக் காலை ஊன்றினார்கள், மூன்றாம் அடிக்கு நின்றார்கள்.

அங்கேதான் சங்கடம். மூன்றாம் அடியில் நின்றவர்களுக்கு அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்தால் படி இல்லாமல் போகுமே, அந்த மாதிரி ஊர் முழுக்க ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பாட்டு பாதியில் நிற்கிறதென்று எல்லாருக்கும் தெரிந்தது. நாகசுரக்காரர் ஒருவர் ஒரு முடிவு கட்டிப் பார்த்தார், பட்டாளத்துப் பேண்டுக்காரன் ஒரு முடிவு கட்டிப் பார்த்தான், எதுவும் ஒட்டவில்லை, எண்ணெய்க் கையில் பிடித்த விரால் மாதிரி நழுவி விழுந்தது.

வேப்பேரி மாதாகோயில் உபதேசியார் வேதமாணிக்கம் கட்டடத்துக்கு வந்து காது கொடுத்துக் கேட்டு, தீர்ப்புச் சொன்னார்.

"இது அமெரிக்க தேசத்து ஞானப்பாட்டு மெட்டு போலத்தான் இருக்கிறது. நாலு அடி இருந்திருக்கும். ரம்பம் போட்டு அறுக்கும்போது நாலாவது அடி வேறு கட்டியில் போய்விட்டது. அந்தக் கட்டி நடுக்கடலில் கரைந்துவிட்டது."

அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. பாட்டுக்குப் பாதிப்பாட்டு என்று பேர் விழுந்தது.

பூங்காவனம் மட்டும் அது பாதிப்பாட்டு என்று நினைக்கவில்லை.

பூங்காவனம் அந்தக் கட்டடத்துக்குள் வேலை செய்த கூலிக்காரி. கட்டிகள்மேல் மரத்தூள் பரப்புவாள், நனைந்த தூளை வாரிக்கொண்டுபோய் வெயிலில் உலர்த்துவாள், கரைந்த தண்ணீரை வாய்க்காலுக்குத் தள்ளுவாள். மதுராந்தகத்துக்குத் தெற்கே ஒரு ஊர். மழை பொய்த்த வருஷம் அவள் புருஷன் கரும்பு வெட்ட மொரீசுத் தீவுக்குக் கப்பலேறினான், போனவன் போனவன்தான். அவள் கைக்குழந்தையோடு பட்டணம் வந்து குப்பத்தின் ஓரத்தில் ஒரு குடிசை போட்டாள். வந்த மூன்றாம் மாசம் குழந்தை மாந்தம் கண்டு போய்விட்டது. ஆறு மாசப் பெண்குழந்தை, பேர் வைக்கவில்லை, கோயிலுக்குப் போய் வைக்கலாம் என்று இருந்தாள்.

குப்பத்துப் பெண்கள் நல்லவர்கள்தான். வந்தார்கள், வெந்நீர் வைத்தார்கள், மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்கள், சவுக்குத் தோப்புக்குள் குழி வெட்ட ஆள் அனுப்பினார்கள். ஆனால் யாரும் உட்காரவில்லை. பூங்காவனம் நின்றபடி ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள்.

"அக்கா, ஒப்பாரிக்கு ஒக்காருங்கக்கா," என்று தேசம்மாவைக் கேட்டாள்.

"பல்லு மொளைக்காத கொயந்தைக்கு ஒப்பாரி வெக்கிற வயக்கம் எங்க குப்பத்துல கெடையாதும்மே. அழுதா அடுத்தது தங்காது. எந்திரி, போய்த் தலைக்கு ஊத்திக்கோ."

தேசம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளே இரண்டை அப்படிப் புதைத்தவள்.

பூங்காவனத்தின் ஊரில் வழக்கம் வேறு. அங்கே பிறந்து ஒரு நாள் இருந்து செத்தாலும் ஒப்பாரி உண்டு, அதுவும் இரண்டிரண்டு பேராகத்தான். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, நெற்றியோடு நெற்றி முட்டி உட்காருவார்கள். பறிகொடுத்தவள் மூன்று அடி எடுப்பாள், உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடுவாள், நாலாவது அடியைக் கட்டிக்கொண்டிருப்பவள் வாங்கி இறக்கிவைக்க வேண்டும். அதற்குப் பேர் தோளடி. தோளடி விழாத ஒப்பாரி ஒப்பாரியில் சேராது, செத்தது வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டிருக்கும் என்பார்கள். தன் தோளுக்குத் தானே கை போட முடியாது இல்லையா, அதனால் மூன்று அடி எடுத்தவளே தோளடியையும் பாட முடியாது. ஆகவே பூங்காவனம் ஒப்பாரி சொல்லவில்லை, ஒப்பாரி சொல்லாததால் அழவில்லை, அழாததால் அந்தப் பேரில்லாத குழந்தை தன் குடிசை வாசலிலேயே நிற்கிறதென்று நம்பினாள். தினமும் வேலைக்குப் புறப்படும்போது வாசற்படியில் யாரோ நிற்பது மாதிரி ஒதுங்கி, ஓரமாகக் கால் எடுத்து வைத்துப் போனாள்.

அப்படிப்பட்டவள் காதில் ஆலங்கட்டி பாடியது. மூன்று அடி எடுத்து உச்சியில் விட்டது.

மற்றவர்களுக்கு உடைந்த பாட்டாகக் கேட்டது அவளுக்கு உடையாததாகவே கேட்டது. யாரோ ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, தன் பங்கைச் சரியாக முடித்துவிட்டு, தோளுக்குக் காத்திருக்கிறாள். மரத்தூள் வாரியைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிகளின் வரிசையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கட்டியும் காத்திருந்தது.

அந்தக் கப்பலின் தச்சர் ஒருவர் அப்போது கட்டடத்துக்குள் உளுத்துப்போன பலகைகளை மாற்றிக்கொண்டிருந்தார். நரைத்த கன்னமீசை, குனிந்த முதுகு. நத்தானியேல் என்று பேர், துலுக்காணத்தின் வாயில் அது நத்தை தொரை ஆகியிருந்தது, நடையும் அதற்கு ஏற்றதாகவே இருந்தது. வேலை அவசரமென்று கப்பலிலிருந்து பத்து நாள் கொடுத்திருந்தார்கள். அவரோடு பேச ஆள் வேண்டுமென்று உபதேசியார் வேதமாணிக்கம் தினமும் வந்துபோனார்.

ஐந்தாம் நாள், கிழவர் இழைப்புளி போட்டபடியே அந்த மூன்று அடியை முனகினார். அவர் முனகல் சொட்டை ஒட்டி வரவில்லை. சொட்டு விழாத நேரத்தில், தானாக, பழக்கத்தில் வருகிற மாதிரி வந்தது. பூங்காவனம் வேதமாணிக்கத்திடம் ஓடினாள்.

"உபதேசியாரே, அவருக்கு இது முன்னாடியே தெரியுமான்னு கேளுங்க."

வேதமாணிக்கம் கேட்டார். கிழவர் இழைப்புளியை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசினார். வேதமாணிக்கம் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"இந்த ஏரி அவருடைய ஊர் ஏரியாம். ஏரிக்கரையில் ஒரு வீடு. போன குளிரில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைக்கிற நோய் வந்ததாம். அந்த வீட்டு அம்மாவின் பையன் போய்விட்டான். அங்கே குளிரில் மண்ணும் கல்லாகிவிடுமாம், குழி வெட்ட முடியாது. பிரேதத்தை ஒரு கொட்டகையில் வைத்துவிட்டு, மண் இளகும்வரை மூன்று மாசம் காத்திருப்பார்களாம். அந்த அம்மா தினமும் உறைந்த ஏரிக்கரையில் வந்து நின்று இதை முனகுவாளாம். ஆலங்கட்டி அறுத்தவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள்."

"நாலாவது அடி?"

"நாலாவது அடியை அவள் பாடியதே இல்லையாம்."

பூங்காவனம் தலையை ஆட்டினாள். "பாடமாட்டா. அது அவ பாடறது இல்லீங்க. அது தோளடி."

அவள் தன் ஊர் வழக்கத்தைச் சொல்ல, வேதமாணிக்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, அவர்களுக்கு அப்படி வழக்கமே கிடையாது. மூச்சு முட்டி நிறுத்தியிருப்பாள், அவ்வளவுதான். நீ உன் ஊர்க் கணக்கை அந்தத் தேசத்துக்கு ஏற்றிப் பார்க்கிறாய், இது பிசகு," என்றார்.

"பிசகாவே இருக்கட்டுங்க. நான் ஒரு அடி தரேன், அந்தப் பெரியவரைக் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லுங்க. எனக்கும் ஒண்ணு போயிருக்குன்னு சொல்லுங்க. ஆறு மாசம், பொண்ணு. எங்க ஊர்ல ஒருத்தி அழுதா இன்னொருத்தி தோள் குடுப்பான்னு சொல்லுங்க."

வேதமாணிக்கம் சொன்னார். கிழவர் அவளைப் பார்த்தார், முதல் தடவையாக, அவள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்ட மாதிரி. பிறகு இழைப்புளியைக் கீழே வைத்தார்.

கற்றுக்கொடுப்பது சுலபமாக இல்லை. பூங்காவனத்துக்கு அந்த அடி வாயில் வரவில்லை. ஒரு சொட்டு விழுந்து, குரல் மூன்று அடி ஏறி நின்றதும், அவள் வாயைத் திறப்பாள், குளிர்க்காற்றுதான் உள்ளே போகும். தோள் இல்லாமல் தோளடி வராது. அது அவளுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது, ஆனால் துரையின் தோளில் கூலிக்காரி கை போடுவதாவது. அந்த யோசனையோடே மூன்று நாள் போயிற்று. கடைசி நாள் காலை, வேலை முடிந்து பெட்டியை மூடிவிட்டார்கள், கரையில் தண்டல் எத்திராசு, படகோட்டிகளுக்குத் தலைவன், அலை ஏறுவதற்குள் படகைத் தள்ள வேண்டுமென்று கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தான்.

"நத்தை தொரை வராரா, முதுகுல வீட்ட ஏத்திகினு ஊர்ந்து வராரா?"

பூங்காவனம் தூள் படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கிழவர் அருகில் போய், அவர் வலத் தோளில் கையைப் போட்டாள்.

"அடிப்பாவி!" என்று துலுக்காணம் பாய்ந்து வந்தார். "தொரை மேலயே கை போடறியா? எடுடி கைய! என் சோத்துல மண்ணு விழுதுடி!"

அவள் எடுக்கவில்லை. கிழவர் ஒரு கையை உயர்த்தி மேஸ்திரியை நிறுத்தினார். மேலே ஒரு கட்டியிலிருந்து சொட்டு விழுந்தது, குரல் ஏறியது, திரும்பிப் பார்த்தது, உச்சிக்குப் போய் நின்றது. நின்ற இடத்திலிருந்து பூங்காவனம் வாங்கினாள்.

பெரிய அடி இல்லை. உச்சியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிக்கு முந்தின படியில் கொஞ்சம் தயங்கி, முதல் அடி எங்கே சுமையைத் தூக்கியதோ அங்கே கொண்டுவந்து இறக்கிவைத்தது. அவ்வளவுதான். துலுக்காணம் திறந்த வாயோடு நின்றார், கப்பல் வந்த நாளிலிருந்து தூக்கிவைத்திருந்த காலைக் கீழே ஊன்றின மாதிரி அவருக்கு இருந்ததாம், பின்னால் அவரே சொல்லிக்கொண்டார்.

கிழவருக்குக் காது மந்தம். முதல் தடவை பேண்டு வாத்தியம் மாதிரி முடித்தார். இரண்டாம் தடவை தயங்க வேண்டிய இடத்தில் தும்மினார். பூங்காவனம் தோளில் இருந்த கையால் தட்டித் தட்டி, தூளியில் போட்டுத் தூங்கவைக்கிற வேகத்தில் தட்டி, பதினோரு தடவை சொல்லிக்கொடுத்தாள். பன்னிரண்டாம் தடவை வந்தது. வெளியே எத்திராசு கெட்ட வார்த்தைக்கு வந்திருந்தான்.

கிழவர் படகேறினார். அலைமேல் எகிறி எகிறிப் போகும்போதெல்லாம் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது, பாடினாரா வாந்தி எடுத்தாரா என்று கரையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே துலுக்காணம் பூங்காவனத்தை நிறுத்திவிட்டார். "நல்ல பாட்டுதான். ஆனா நீ நாளைலேர்ந்து வராதே," என்றார்.

கட்டிகள் ஆடி மாசத்துக்குள் கரைந்து தீர்ந்தன. பட்டணம் கொஞ்ச நாள் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தது, அப்புறம் மறந்தது, "மூணு ஆச்சா?" மட்டும் மிஞ்சியது. பூங்காவனம் தேசம்மாவோடு கருவாடு சுமந்தாள். தேசம்மா வழி முழுக்கப் பேசுவாள், இவள் பேசமாட்டாள்.

"உங்கூட வர்றதுக்கு இந்தக் கருவாட்டோட பேசிகினு போலாம்மே. இதாவது கண்ண முழிச்சிப் பாக்குது," என்பாள் தேசம்மா.

பூங்காவனம் நாள் எண்ணினாள். போக நாலு மாசம். அங்கே குளிர் வர வேண்டும், ஏரி கல்லாக வேண்டும். வர நாலு மாசம். காலையில் வாசற்படியில் ஒதுங்கி ஒதுங்கிக் கால் வைத்தே அந்த நாட்களையெல்லாம் கடந்தாள்.

அடுத்த கப்பல் வைகாசியில் வந்தது. அதன் கட்டிகளும் பாடின, ஆனால் கரைக்கு வருகிற வழியிலேயே படகோட்டிகள் துடுப்பை நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் இப்போது ஒரு குரல் இல்லை, நூறு குரல். ஆண்குரல், பெண்குரல், பிள்ளைகள் குரல், எல்லாம் வார்த்தைகளோடு, நாலு அடியும் முழுசாக. வேதமாணிக்கம் வேப்பேரியிலிருந்து ஓடிவந்து, மணலில் மூச்சிரைக்க நின்று கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஞானப்பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள்! ஏரிக்கரையில் சபையாக நின்று பாடுகிறார்கள்! புஸ்தகத்திலும் அச்சடித்திருக்கிறார்களாம், மாலுமி சொல்கிறான்."

ஊர் கூடிவிட்டது. பாட்டு ரிப்பேர் ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். காதர் மொய்தீன் சாயபு இனி மூன்று இல்லை, நாலு ஆகட்டும் என்று அறிவித்தார். நாகசுரக்காரர், தான் கட்டிய முடிவைத்தான் கொஞ்சம் கெடுத்துப் பாடுகிறார்கள் என்றார். நத்தை தொரை எங்கே என்று பூங்காவனம் மாலுமிகளிடம் சைகையில் கேட்டாள், முதுகு வளைத்துக் காட்டினாள். ஒருவன் புரிந்துகொண்டு, கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்குவது மாதிரி காட்டினான். வீட்டில் இருக்கிறார் என்றானோ, போய்விட்டார் என்றானோ.

அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டாள். முதல் அடியை நூறு பேர் ஏறினார்கள். இரண்டாவதை நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரலைத் தேடினாள், போன வருஷம் நாள்கணக்கில் தலைக்குமேல் சொட்டிய குரல், இருட்டில் தொட்டால்கூட அவளுக்குத் தெரியும். இல்லை. மூன்றாவது அடியிலும் இல்லை. நாலாவது அடியை, அவள் தட்டித் தட்டிக் கொடுத்த அடியை, நூறு பேர் சந்தோஷமாக இறக்கிவைத்தார்கள், யாரோ பெற்றதை எல்லாரும் மாறி மாறி எடுத்துக் கொஞ்சுகிற மாதிரி.  கொண்டுபோனவர் தவறான வாசலில் கொடுத்துவிட்டார். அந்தம்மா செத்திருப்பாள். இல்லை, உபதேசியார் சொன்னதே சரி, அவள் காத்திருக்கவே இல்லை, மூச்சு முட்டித்தான் நிறுத்தியிருக்கிறாள்.

அப்போது எத்திராசின் படகு கரை தட்டி, ஒரு கட்டி சறுக்கி மணலில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. பெரிய பாதியை எடுத்துப் போனார்கள். சின்னது, ஒரு முழ நீளம், மணல் ஒட்டிக் கிடந்தது.

"அது எதுக்கும் ஆவாது, உட்டுடு," என்றான் எத்திராசு.

பூங்காவனம் அதை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து, மடியில் வைத்து, மணலைத் துடைத்து, குனிந்து காதை வைத்தாள்.

அவ்வளவு அருகில் நூறு குரலும் தனித்தனியாகப் பிரிந்தன. இருமுகிற கிழவன். சுருதி சேராத பையன். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனாள், கூட்டத்துக்குள் ஆளைத் தேடிப் போகிற மாதிரி. முதல் அடியில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒருத்தி அந்தக் கூட்டத்தில் நிற்கிறாள், ஆனால் பாடவில்லை, அவள் மூச்சு மட்டும் இருந்தது. இரண்டாவதில் அதே மூச்சு. மூன்றாவதில், எல்லாரும் உச்சிக்குப் போகும்போது, அந்த மூச்சு உள்ளே இழுபட்டது. நாலாவது அடியை எல்லாரோடும் சேர்ந்து அவள் பாடினாள். அந்தக் குரலேதான். மெல்ல இறங்கி, தயங்க வேண்டிய இடத்தில் தயங்கி, மற்ற எல்லாரும் முடித்த பிறகு ஒரு இமைப்பொழுது தாமதமாக முடித்தாள்.

பூங்காவனம் நிமிர்ந்தாள். அடுத்த சொட்டு புடவையில் விழுந்தது. மறுபடி முதல் மூன்று அடியில் அந்த மூச்சு, நாலாவதில் அந்தக் குரல். மறுபடி. மறுபடி.

மூன்று அடியும் தன்னுடையது அல்ல என்று அந்தப் பெண் விட்டுவைத்திருக்கிறாள். என் முறை முடிந்தது, நீ எடு என்கிறாள்.

"இன்னாமே பண்றே, மடி வெறைச்சிடும், கீய போடு அத," என்று கத்திக்கொண்டே தேசம்மா மணலில் வந்தாள். பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்ததும் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டாள், கூடையை இறக்கவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

பூங்காவனம் இரண்டு கைகளையும் ஆலங்கட்டியைச் சுற்றிப் போட்டு, நெற்றியை அதில் முட்டினாள். கை மரத்தது, நெற்றி எரிந்தது. அடுத்த சொட்டு திரண்டு தொங்கும்போது அவளும் ஆரம்பித்தாள், வார்த்தையோடு, தன் ஊர் வார்த்தையில். முதல் அடியில் வெந்நீர் வைத்ததைச் சொன்னாள். இரண்டாவதில் வைக்காமல் விட்ட பேரை, குழந்தை பிறந்தபோதே மனசுக்குள் வைத்திருந்த பேரை, வாய்விட்டுக் கூப்பிட்டாள். மூன்றாவதில் குரல் உடைந்து, உடைந்தபடியே உச்சிக்குப் போனது. அங்கே விட்டுவிட்டாள்.

நாலாவது அடி வந்து வாங்கிக்கொண்டது.

அது தயங்கி இறங்கி முடிவதற்குள் பூங்காவனம் அழ ஆரம்பித்திருந்தாள், தேசம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவருகிற அளவுக்கு, சத்தமாக.